சிரிக்காத சிஸ்டர்

குழந்தைகள் புறநோயாளிப் பிரிவில் என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்பு. இந்தப் பக்கம் நான் டோக்கன் எழுதுவேன். அந்தப் பக்கம் சிஸ்டர் நிற்பார். நாற்காலி போட்டிருந்தார்கள், அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புதுச்சேரியில் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒப்பந்த வேலையில் இருந்த நாலு வருஷமும் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ டோக்கன்" என்பார். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

ஐம்பதைத் தாண்டிய ஒடிசலான பெண்மணி. வெள்ளைச் சீருடையின் தோளில் ஒரு ஊக்கு, ஊக்கில் ஒரு நூல், நூலில் ஒரு நகவெட்டி தொங்கும். அது அவருக்காக அல்ல. வருகிற அம்மாக்களுக்காக. குழந்தையைப் பார்க்கும் முன் "கையக் காட்டு" என்பார். நகம் வளர்ந்திருந்தால் நகவெட்டியைக் கழற்றிக் கொடுத்து, "அந்த ஜன்னலாண்ட போயி வெட்டிட்டு வா. அப்பறம் பேசலாம்" என்று அனுப்பிவிடுவார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நகச்சாயம் பூசிக்கொண்டு வந்தவர்கள்கூட ஜன்னலோரம் நின்று நகம் வெட்டியிருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சை மருத்துவர் செவ்வாயும் வெள்ளியும் குழந்தைகளைப் பார்ப்பார். அந்த நாட்களில் ஆண் குழந்தைகளின் முன்தோல் சம்பந்தமாக நிறையப் பேர் வருவார்கள். முதலியார்பேட்டை, உழவர்கரை, மீனவக் கிராமங்கள், கடலூர் பக்கம், விழுப்புரம் பக்கம் என்று எல்லா ஊரும் அந்த பெஞ்சுகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மருத்துவர் பார்த்து, சீட்டில் எழுதி, வெளியே அனுப்புவார். அவருக்கு நேரம் இருக்காது. என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்று விளக்குவது சிஸ்டரின் வேலை.

என் மேசைக்கு வரும் அம்மாக்கள் குனிந்து என் காதில் சொல்வார்கள்: "அதுல பிரச்சனை." நான் புரிந்துகொண்டு எழுதிவிடுவேன். சிஸ்டரிடம் அது நடக்காது.

"எதுல?"

"அதுலதான் சிஸ்டர்."

"எது? கண்ணா, காதா, மூக்கா? பேரு இல்லியா அதுக்கு? முன்தோலுன்னு சொல்லு. சத்தமா சொல்லு. பெத்தவளுக்கே சொல்ல வெக்கமா இருந்தா அந்தப் புள்ள நோவுதுன்னு யாருகிட்ட சொல்லும்?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொல்லுவாள். கூடம் சிரிக்கும். சிஸ்டர் சிரிக்க மாட்டார். சிரிக்க வைக்கிறோம் என்ற நினைப்பே முகத்தில் தெரியாது. அதனாலேயே சிரிப்பு இன்னும் அதிகமாகும்.

ஒரு தடவை சேதராப்பட்டில் கம்பெனி வேலை பார்க்கும் ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்தார். தோளில் மூன்று வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். தோல் பின்னால் வரவில்லை, வெட்டித்தான் ஆகணும் என்று யாரோ சொல்லி, அவர் பயந்து போயிருந்தார்.

"ஒண்ணுக்குப் போறப்ப அழுவுறானா?"

"இல்லீங்க."

"தோலு பலூன் மாதிரி ஊதுதா? சொட்டுச் சொட்டா வருதா? செவந்து சீழ் வருதா? ஜொரம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பின்னால வர மாட்டேங்குது, அவ்ளோதான்."

"பூனைக்குட்டி பொறந்தப்ப பாத்திருக்கியா? கண்ணு ஒட்டியிருக்கும். நீ போயி வெரல வுட்டுப் பிரிப்பியா?"

"இல்லீங்க."

"இதுவும் அப்பிடித்தான். பொறக்கறப்பவே உள்ள ஒட்டித்தான் இருக்கும். ஒருத்தனுக்கு நாலு வயசுல பிரியும், ஒருத்தனுக்குப் பத்து வயசுல, சிலதுக்கு மீசை மொளைக்கறப்ப. அதும்பாட்டுக்கு வுடு. மேலாப்புல தண்ணி ஊத்திக் கழுவு, போதும். எவனாச்சும் இழுன்னு சொன்னா அவன் காத இழு."

அந்த மனிதர் டாக்டரையே பார்க்காமல் திரும்பிப் போக இருந்தார். "டாக்டரயும் பாத்துட்டுப் போய்யா, நான் சொன்னது போதுமா?" என்று சிஸ்டர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இருக்காது. அதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

பையன்களிடம் அவர் வேறு ஆள். நாலு வயதுக் குழந்தையாக இருந்தாலும் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "தம்பி, டாக்டர் பாக்கணுமாம். அம்மா பக்கத்துலயே இருப்பாங்க. சரின்னா சரி, வேணாம்னா கொஞ்ச நேரம் கழிச்சு" என்பார். வேணாம் என்றால் நிஜமாகவே காத்திருப்பார். பின்னால் இருபது பேர் முணுமுணுத்தாலும் அசைய மாட்டார். குழந்தை தலையாட்டிய பிறகுதான் எழுந்திருப்பார். எழுந்து நின்றதும் அம்மாவைப் பார்க்கும் கண் மாறிவிடும்.

ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். "ஏன் சிஸ்டர் அவங்கள மட்டும் அப்பிடிப் பேசுறீங்க? தனியா கூப்ட்டுச் சொல்லலாம் இல்ல?"

"தனியா சொன்னா ஒருத்தி கேப்பா. எல்லாரு எதுக்கவும் சொன்னா, ஒருத்தி அழுவா, அத்தனை பேரும் கத்துக்குவாங்க. நீயே சொல்லு, எது லாபம்?"

டீ ஆறிப்போகும் முன் குடித்துவிட்டு வந்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது, நான் வாயை மூடிக்கொண்டதற்கு. என் மகனுக்கு அப்போது மூன்று வயது. குளிப்பாட்டும்போது என் மாமியார் எண்ணெய் விட்டு இழுக்கச் சொல்வார். பையன் அலறுவான். ஒரு தனியார் கிளினிக்கில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். நான் அந்தச் சீட்டைக் கொண்டுவந்து சிஸ்டரிடம் காட்டினேன். அவர் என் மகனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனார். வெளியே வந்ததும் கூடத்துக்கே கேட்கிற மாதிரி, "ஏ டோக்கன், உன் மாமியாருக்கு வேற வேலையே இல்லியா? ஒரு கொறையும் இல்லாத புள்ளைக்கு நாள் குறிக்கறீங்க?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் அன்றோடு வீட்டில் இழுப்பது நின்றது. ஆபரேஷனும் நின்றது. ஏழு வயதில் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. அந்த நன்றியில்தான் நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பழகினேன்.

அந்த மீன்கார அம்மா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கடலோரக் கிராமம். காலையில் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். புருஷன் கேரளா பக்கம் படகு வேலைக்குப் போயிருந்தார். ஐந்து வயதுப் பையன், துறுதுறுவென்று என் மேசையில் இருந்த முத்திரைக் கட்டையை எடுத்துக் கையில் குத்திக்கொண்டிருந்தான்.

அவனுக்கு நிஜமாகவே பிரச்சனை இருந்தது. ஒண்ணுக்குப் போகும்போது தோல் ஊதும், நூல் மாதிரிதான் வரும். டாக்டர் பார்த்தபோது நுனியில் வெள்ளையாக ஒரு வளையம், தழும்பு. இழுத்து இழுத்துக் கிழிந்து ஆறி, மறுபடி கிழிந்து ஆறியதில் இறுகிப் போனது. களிம்பு எழுதி, ஆறு வாரம் பார்ப்போம், சரியாகாவிட்டால் ஆபரேஷன் என்று சொல்லி அனுப்பினார்.

களிம்புக்காரர்களுக்கு சிஸ்டர் சொல்வது எனக்கு மனப்பாடம். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தே ஒப்பிப்பேன். "காலையில ஒரு வாட்டி, ராத்திரி ஒரு வாட்டி. நோவாத அளவுக்கு மட்டும் பின்னால தள்ளு, இறுகின எடத்துல மெல்லிசா தடவு. தடவின ஒடனே தோலை முன்னால கொண்டாந்து மூடிடு. மூடலன்னா அங்கயே மாட்டிக்கும், நுனி வீங்கும், ரத்தம் ஓடாது. அப்பிடி ஆச்சுன்னா வீட்ல வச்சிக்காத, எந்நேரமா இருந்தாலும் ஓடியா."

அன்றைக்கு அந்தப் பேச்சு வேறு இடத்தில் தொடங்கியது.

"எவ்ளோ நாளா இழுத்த?"

"பொறந்ததுலேந்து, சிஸ்டர். குளிப்பாட்டறப்ப. உள்ள அழுக்கு சேரும், பெரியவனானா கஷ்டம்னு எல்லாரும் சொன்னாங்க."

"ரத்தம் வந்துச்சா?"

"ரெண்டு மூணு வாட்டி."

"வந்துமா இழுத்த?"

சிஸ்டர் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கையை மேலே தூக்கினார், எல்லாரும் பார்க்கிற மாதிரி.

"இங்க பாருங்க எல்லாரும். இது வஞ்சிரத்துக்குச் செதில் சீவுற கை. மார்க்கெட்டுல சீவிட்டு, வீட்டுக்கு வந்து பெத்த புள்ளையையும் சீவியிருக்கு."

கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

சிஸ்டர் அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோய் விலக்கினார். "கழுவவாச்சும் கழுவினியா, இல்ல அப்பிடியேவா?"

இந்தத் தடவை பின் பெஞ்சில் ஒருவர் கைகூடத் தட்டினார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அந்தப் பையனும் சிரித்தான். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சீட்டைக் கசக்கிப் பிடித்தபடி பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டார். "ஏம்மா, இரு" என்று சிஸ்டர் ஒரு தடவை கூப்பிட்டார். அதற்குள் அடுத்த குழந்தை மேசைக்கு வந்துவிட்டது.

களிம்பை எப்படித் தடவணும் என்று ஒரு வார்த்தைகூட அவரிடம் யாரும் சொல்லவில்லை. சீட்டில் டாக்டர் எழுதியிருந்தது ஆங்கிலத்தில். மருந்து கொடுக்கும் ஜன்னலில் "ரெண்டு வேளை" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த அந்த நாலு வாக்கியத்தை, வாசல் வரை ஓடிப்போய் நான் சொல்லியிருக்கலாம். சிரித்த வாய் மூடவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பதினைந்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அவர் மறுபடி வந்தார். பையன் இந்தத் தடவை நடக்கவில்லை. தோளில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தான். நான் டோக்கன் எழுதிக் கொடுத்தேன். "இன்னா ஆச்சு?" என்றேன். "வீங்கிட்டிருக்கு" என்றார். சிஸ்டர் அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு தகப்பனை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கூடம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். நான் அடுத்த ஆளுக்கு எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் எழுந்து வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா, தெரியவில்லை. அவர் எண்ணைக் கூப்பிட்டபோது யாரும் வரவில்லை. "அடுத்தது" என்றார் சிஸ்டர்.

புதன்கிழமை காலை அந்த அம்மா பையனோடு அவசரப் பிரிவின் வழியாக வந்தார். அங்கிருந்து குழந்தைகள் பிரிவுக்கு ஆள் அனுப்பினார்கள். சிஸ்டர் போனார். ஃபைல் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

களிம்பில் இளகிய தோல் திங்கள் காலையில்தான் முதல் தடவையாக முழுசாகப் பின்னால் போயிருக்கிறது; களிம்பு தடவியவர் அதை அப்படியே விட்டுவிட்டார். மூடணும் என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தழும்பு வளையம் நுனிக்குப் பின்னால் கயிறு மாதிரி இறுகிக்கொண்டது. திங்களன்றே பார்த்திருந்தால் ஐஸ் வைத்து, அழுத்தி, வீக்கத்தை வடித்துக் கையாலேயே சரி செய்திருக்கலாம். இது மூன்றாம் நாள். திங்கள் மதியம் அவர் மீன் பெட்டி ஐஸை வைத்துப் பார்த்திருக்கிறார். செவ்வாய் அன்று மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நுனி வீங்கி, ஒரு பக்கம் கறுத்திருந்தது.

அவசரப் பிரிவில் சிஸ்டர் கத்தவில்லை. அவர் கத்தாமல் வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன். பையனிடம், "தம்பி, நோவும். நான் பொய் சொல்ல மாட்டேன். என் தோளைக் கடிச்சிக்கோ" என்றார். மரத்துப்போகும் மருந்து போட்டு, விரல்களால் அழுத்திப் பிடித்து, வீக்கத்தை வடிக்க முயன்றார். எத்தனை நேரம் என்று தெரியாது. அவர் விரல் நுனிகள் வெளுத்துவிட்டன. பையன் சீருடையோடு சேர்த்து அவர் தோளைக் கடித்தான். அவர் அசையவில்லை. டாக்டர் வந்து பார்த்து, "போதும், தியேட்டருக்குக் கொண்டுபோங்க" என்றார்.

ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது தாழ்வாரத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மூணு நாளா இன்னாம்மா பண்ணிட்டிருந்த?" என்றார் சிஸ்டர். குரல் பழையபடி ஏறத் தொடங்கியிருந்தது.

"வந்தேன் சிஸ்டர். திங்கக்கிழமையே வந்தேன்."

"வந்துட்டு?"

"நீங்க இருந்தீங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"டோக்கன் போட்டியா?"

"போட்டேன் சிஸ்டர்."

"எழுந்து போறத பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் கூப்புடல? வாயி இருக்குதில்ல?"

நான் அழுதுவிட்டேன். அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பரிதாபம்தான் இருந்தது. அவருக்கு முன்னால் நின்று நான் அழுதேன், அவர் அழவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டர் டப்பாவைத் திறக்காமல் வைத்திருந்தார். "நான் எல்லாருகிட்டயும் சொல்றேன். தடவினா மூடிடுன்னு. அவகிட்டயும் சொல்லியிருப்பேன்" என்றார்.

"சொல்லல சிஸ்டர். அன்னிக்கு எல்லாரும் சிரிச்சிட்டிருந்தோம்."

"சிரிச்சது நீங்க. நான் சிரிச்சனா?"

டப்பாவைத் திறந்து சாப்பிடத் தொடங்கினார். நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், அவர் சிரிக்கவில்லை.

பையன் பிழைத்தான் என்று சொல்வது பெரிய வார்த்தை. உயிருக்கு ஆபத்து எதுவும் இருக்கவில்லை. இறுகிய தோலை எடுத்துவிட்டார்கள். கறுத்த இடம் கொஞ்சம் உதிர்ந்து, பள்ளமாகத் தழும்பு நிற்கும் என்றார் டாக்டர். ஒண்ணுக்குப் போவதில் கஷ்டம் வருகிறதா என்று வருஷக்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும், வளர்ந்த பிறகு அவனே ஒருநாள் வந்து கேட்பான், அப்போது அவனுக்குச் சொல்லணும் என்றார். ஒரு தடவைகூட அந்த அம்மா யார் மேலும் புகார் எழுதவில்லை. எழுதலாம் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. என் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படுவது.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை, கூடம் நிறைந்திருந்தது. அந்த அம்மா நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு, நல்ல சேலை உடுத்தி, பூ வைத்து வந்திருந்தார். சோப்பு வாசனை அடித்தது. மூன்றாவது பெஞ்சில் இடம் கிடைத்தது. பையன் மடியில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டை ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தான்.

மேசைக்கு முன் ஓர் இளம் தம்பதி நின்றார்கள். கையில் களிம்புச் சீட்டு. சிஸ்டர் அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார், ஒன்றுவிடாமல், வரிசையாக. மூடுவது பற்றி வந்ததும் நிறுத்தினார். குரலைக் கூடத்துக்கு உயர்த்தினார்.

"போன மாசம் ஒருத்தி வந்தா. தடவிட்டு மூடாம வுட்டுட்டா. தோலு மாட்டிக்கிச்சு, நுனி கறுத்துப்போச்சு. இன்னா பண்ணா தெரியுமா? மூணு நாளு வீட்டுல வச்சிக்கிட்டு ஐஸ் வச்சிட்டிருந்தா. புள்ள கத்துது, இவ மாத்திரை குடுக்கறா. பெத்தவளா அவ?"

பெஞ்சுகளில் "ச்சு ச்சு" என்று சத்தம் எழுந்தது. ஒரு பெண் "அடிப்பாவி" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அம்மா" என்றான் பையன். கணீரென்ற குரல் அவனுக்கு. "நம்பளயா சொல்றாங்க?"

சிஸ்டரின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். பையனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. தெரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான். பிறகு தம்பதியின் பக்கம் திரும்பி, "அப்ப தடவினதும் இன்னா செய்யணும்? நீ சொல்லு" என்றார். அந்த இளம் பெண் பயந்து, ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.

"இல்லடா" என்றார் அந்த அம்மா மெதுவாக. "அது வேற யாரோ ஒரு அம்மா."

பையன் பிஸ்கட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"பாவம்மா அந்தப் பையன்" என்றான்.

"ஆமாண்டா" என்றார்.